2019இல் திருத்திய வேலித்தூண்கள் இப்போது எப்படி நிற்கின்றன?

ரொறன்ரோப் பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்குப் பின்வளவு மரவேலி எப்போதாவது ஒருநாள் சாயத் தொடங்கும். பலகை நன்றாகத்தான் இருக்கும். தூண்தான் மண்மட்டத்தில் உக்கிப்போயிருக்கும். எங்கள் ஸ்காபரோ வீட்டிலும் அதுதான் நடந்தது. 2019 ஒக்டோபரில் ஆட்களைப் பிடித்துத் திருத்தினோம். வேலை முடிந்த கையோடு நல்லது கெட்டது சொல்வதில் பயனில்லை, இங்கே தூண் வேலையைச் சோதிப்பது பனிக்காலம். பல பனிக்காலம் கண்ட பிறகுதான் இதை எழுதுகிறேன்.

விலை சொல்ல வந்த ஒருவர் வேலியை ஒரு தள்ளுத் தள்ளிப் பார்த்துவிட்டுத் தொகையைச் சொன்னார். அடுத்து வந்த தம்பி முழங்காலில் இருந்து, தூணடியில் புல்லை விலக்கி, ஸ்குறூ ட்றைவரால் குத்திப் பார்த்தார். படலைப் பக்கத்துத் தூணிலும் அதற்கு அடுத்ததிலும் அது பிடிவரை இறங்கியது. “அண்ணை, மேல எல்லாம் நல்ல மரம். கீழ ஒண்டுமில்லை” என்றார். மூன்றாவது தூணில் ஒரு ஓரம் மட்டும் மெத்தென்றிருந்தது. அதை மாற்றத் தேவையில்லை, இரும்புத் தகடு அடித்து நிறுத்தலாம் என்று பிரித்துச் சொன்னார். குனிந்து பார்க்காத ஆளிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

விலையை எழுத்தில் வாங்குங்கள். கிடங்கு எத்தனை அடி ஆழம், பழைய கொங்கிறீற்றைக் கிளப்பி எடுப்பது அந்தத் தொகைக்குள் அடங்குமா, கழிவை யார் கொண்டுபோவது என்ற மூன்றும் அதில் இருக்கவேண்டும். சண்டை வருவது பெரும்பாலும் பழைய கொங்கிறீற்றால்தான். எல்லை வேலி என்றால் பக்கத்து வீட்டாரோடு முதலே கதைத்துவிடுங்கள், ஆட்கள் அவர்கள் வளவிலும் கால்வைக்க வேண்டிவரும்.

உடனே வந்து தோண்டுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒன்ராறியோவில் மண்ணைக் கிண்டுவதற்குக் குறைந்தது 5 வேலை நாட்களுக்கு முன் ‘ஒன்ராறியோ வன் கோல்’ அமைப்புக்கு அறிவிக்கவேண்டும். நிலத்தடியில் போகும் இணைப்புகளை இலவசமாக அடையாளமிட்டுத் தருவார்கள். மஞ்சள் என்றால் எரிவாயு, சிவப்பு மின்சாரம், செம்மஞ்சள் தொலைத்தொடர்பு, நீலம் தண்ணீர். ஆனால் மீற்றருக்கு அப்பால் நாங்களாக இழுத்த இணைப்புகளை அவர்கள் குறிப்பதில்லை. எங்கள் ஆட்கள் பலருடைய வீட்டில் மீன் பொரிக்கவென்று பின்வளவு அடுப்புக்கு எரிவாயு குழாய் போயிருக்கும். அது எந்தப் பக்கத்தால் போகிறது என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும்.

வேலை நாளில் முதலில் வேலியின் இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தார்கள். குறுக்குச் சட்டங்களைக் கழற்றி, உக்கிய தூணை அறுத்து எடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. அலவாங்காலும் ஜக்காலும் அடித்தளத்தைக் கிளப்பியபோது சிக்கல் என்னவென்று தெரிந்தது. எங்களுக்கு முதல் இருந்தவர்கள் காலத்தில் யாரோ ஆழம் தோண்டாமல், மேலே மட்டும் அகலமாகக் கொங்கிறீற்றை ஊற்றியிருக்கிறார்கள். வெளியே வந்த கட்டி மேலே பெருத்து, கீழே சிறுத்து, காளான் போலவே இருந்தது. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 வீதம் பெருக்கும். களிமண்ணில் தேங்கிய நீர் உறைந்து அந்த விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பனிக்காலமும் தூணை மேலே தள்ளியிருக்கிறது. கட்டியின் நடுவில் மரம் இருக்கவேண்டிய இடத்தில் ஈரமான கறுத்த தூள்தான் இருந்தது.

தென் ஒன்ராறியோவில் உறைபனி இறங்கும் ஆழமாக 1.2 மீற்றரை, அதாவது 4 அடியைக் கணக்கெடுப்பார்கள். 6 அடி வேலிக்கு 10 அடித் தூண் வேண்டும் என்பது அதனால்தான். 8 அடித் தூணோடு வந்து இறங்கினால் கேளுங்கள். இவர்கள் நேராக 4 அடி இறக்கி, அடியில் சல்லி போட்டு, அறுத்த முனைக்குக் காப்புத் திரவம் பூசி, அந்த முனை மேலே வரும்படி தூணை நிறுத்தினார்கள். கொங்கிறீற்றின் மேல்முகத்தைத் தூணிலிருந்து வெளிப்பக்கமாகச் சரித்து, தண்ணீர் வழிந்தோட விட்டார்கள். ஈரம் காய முன்பு நீர்மட்டத்தை இரண்டு முகத்திலும் வைத்துப் பார்த்தார்கள். படலையை அன்றைக்கே கொழுவ மறுத்துவிட்டு, பிறகு வந்து கொழுவினார்கள். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்தது.

ஒரு நாளில் எல்லாம் முடியாது, வளவும் சேறாகும், வேலிக்கரைப் பூச்செடி தப்பாது. பழைய மரத்தை வைத்து நெருப்பு மூட்ட நினைக்கவேண்டாம். 2003 முடியும்வரை வீட்டு வேலைக்கு விற்ற, உக்காமலிருக்க மருந்து ஏற்றிய மரத்தில் ஆர்சனிக் உண்டு. அதை அவர்களையே கொண்டுபோகச் சொல்லுங்கள்.

சரி, இத்தனை வருடத்தில் என்ன ஆனது? புதிதாக நட்ட இரண்டும் அசையவில்லை. முன்பெல்லாம் பெப்ரவரியில் படலைக் கொளுக்கி ஓட்டையில் விழாது, தூக்கிப்பிடித்துத்தான் பூட்டவேண்டும். இப்போது ஜூலையில் எப்படியோ அப்படியே பெப்ரவரியிலும் பூட்டுகிறது. ஒரு தூண் முதல் கோடையில் காய்ந்து சற்று முறுகி, பக்கத்துப் பலகையில் விரல் நுழையும் இடைவெளி விட்டது. அது மருந்து ஏற்றிய ஈர மரத்தின் சுபாவம், உறுதிக்குக் குறைவில்லை. பச்சை கலந்த புதுநிறமும் இரண்டு மூன்று வருடத்தில் பழைய பலகையின் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது.

இரும்புத் தகடு அடித்த மூன்றாவது தூணைப் பற்றி அப்படிச் சொல்லமாட்டேன். அதன் பழைய அடித்தளம் உறுதியாக இருந்ததால், மரத்துக்கும் கொங்கிறீற்றுக்கும் இடையில் தகட்டை இறக்கி மேலே ஆணி முறுக்கினார்கள். செலவும் குறைவு, நேரமும் குறைவு. முதல் சில பனிக்காலம் நன்றாகவே நின்றது. இப்போது பலத்த காற்றுக்கு ஆடுகிறது, உக்கல் ஆணி இருக்கும் உயரத்துக்கு வந்துவிட்டது. நடுவேலித் தூணுக்கு, கொஞ்சக் காலம் வாங்க, அது நியாயமான வழி. படலை தொங்கும் தூணுக்கு யாராவது அதைச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அந்தத் தூணையும் வரும் செப்ரெம்பரில் மாற்றச் சொல்லியிருக்கிறேன். நவம்பர்வரை இழுத்தால் குளிரில் கொங்கிறீற் ஒழுங்காக இறுகாது. இந்த முறையும் அதே தம்பிதான்.