மேக் கிளீனா, கிட் கிளீனா, இல்ல ஃபோல்டரையே தூக்கிடலாமா?

சோர்ஸ்ல இருந்து கம்பைல் பண்றவங்க, பழைய பில்ட்ல மிஞ்சின ஃபைலையெல்லாம் அழிச்சுட்டு புதுசா பில்ட் பண்ணணும்னா, கை தானா போறது மேக் கிளீன் (make clean) கமாண்டுக்குத்தான். ஆனா அது மேக்ஃபைல்ல (பில்ட் எப்படிப் பண்ணணும்னு எழுதி வெச்சிருக்கற ஃபைல்) எதை அழிக்கச் சொல்லி எழுதியிருக்கோ அதை மட்டும்தான் அழிக்கும், நீங்க புதுசா புல் பண்ணதுல ஒரு சோர்ஸ் ஃபைலோட பேரு மாறியிருந்தா பழைய பேர்ல இருந்த ஆப்ஜெக்ட் ஃபைல் (சோர்ஸைக் கம்பைல் பண்ணி வந்தது) பல ப்ராஜெக்ட்ல கேட்பாரத்து அங்கயே கெடக்கும். பெரிய ப்ராஜெக்ட்னா ஒவ்வொரு சப் டைரக்டரியா நுழைஞ்சு வர்றதுக்குள்ள இழுத்துடும் வேற. லினக்ஸ் கர்னல்ல கிளீன் போட்டா நீங்க செட்டிங்ஸ் வெச்சிருக்கற கான்ஃபிக் ஃபைல் (.config) தப்பிச்சிடும், எம்ஆர்ப்ராப்பர் (make mrproper) போட்டா அதுவும் காலி, அதனால முதல்ல ஒரு காப்பி எடுத்து வெளிய வெச்சிடுங்க.

சிமேக்ல (CMake, மேக்ஃபைல் மாதிரி பில்ட் ஃபைலை உருவாக்கித் தர்ற டூல்) கிளீன் டார்கெட், எந்த கம்பைலர், என்ன செட்டிங்னு ஞாபகம் வெச்சிருக்கற கேஷ் ஃபைலைத் தொடவே தொடாது. கம்பைலரை மாத்திட்டு வெறும் கிளீன் போட்டா ஒரு பிரயோஜனமும் இல்ல. வெர்ஷன் 3.24ல இருந்து ஃப்ரெஷ்னு (--fresh) ஒரு ஆப்ஷன் வந்திருக்கு, அது கேஷைத் தூக்கிட்டு மறுபடி கான்ஃபிகர் பண்ணும்.

கிட் கிளீன் (git clean, கிட் கணக்குல சேர்க்காத ஃபைலை அழிக்கற கமாண்ட்) செம வேகம், மேக்ஃபைலை நம்ப வேண்டியதே இல்ல, ஆனா ஆபத்தும் இதுலதான் ஜாஸ்தி. சின்ன எக்ஸ் (-x) போட்டா கிட்டுக்குத் தெரியாத எல்லாமே போகும், நீங்க இன்னும் ஆட் பண்ணாத புது சோர்ஸ் ஃபைலும் சேர்த்து! பெரிய எக்ஸ் (-X) போட்டா இக்னோர் லிஸ்ட்ல (.gitignore) இருக்கறது மட்டும் போகும், பில்ட் குப்பைக்கு இதுதான் சரி. இருந்தாலும் பாஸ்வேர்ட் வெச்சிருக்கற என்வ் ஃபைல் (.env) வழக்கமா அதே இக்னோர் லிஸ்ட்லதான இருக்கும்? அதனால முதல்ல நிஜமா அழிக்கற எஃப்புக்குப் (-f) பதிலா, லிஸ்ட் மட்டும் காட்டற என் (-n) போட்டு, எதெல்லாம் போகப்போகுதுன்னு பாத்துக்கோங்க.

என் ஓட்டு தனி பில்ட் ஃபோல்டருக்குத்தான். சோர்ஸைத் தொடாம வெளிய பில்ட் பண்ணா, அந்த ஒரு ஃபோல்டரை ஆர்எம் (rm, அழிக்கற கமாண்ட்) பண்ணிட்டா முடிஞ்சது கதை. லட்சக்கணக்குல ஃபைல் இருந்து ஆர்எம்மே இழுத்துச்சுன்னா அதே டிஸ்க்ல ஃபோல்டர் பேரை மாத்துங்க, அது கண்ணிமைக்கற நேரம்தான், பழசை பேக்கிரவுண்ட்ல அழிய விட்டுட்டு புது பில்டை உடனே ஆரம்பிச்சுடலாம். ரேம் தாராளமா இருந்தா பில்ட் ஃபோல்டரை டிஎம்பிஎஃப்எஸ்ல (tmpfs, மெமரிலயே இருக்கற ஃபைல் சிஸ்டம்) மவுண்ட் பண்ணிக்கலாம், அன்மவுண்ட் பண்ணதும் எல்லாம் காலி. ஆட்டோடூல்ஸ் ப்ராஜெக்ட்ல (configure ஸ்கிரிப்ட் ஓட்டி பில்ட் பண்றது) மட்டும் முன்னாடியே சோர்ஸ் உள்ள கான்ஃபிகர் ஓட்டியிருந்தீங்கன்னா வெளிய பில்ட் பண்ண விடாது, அங்க போய் டிஸ்ட்கிளீன் (make distclean) போட்டுட்டு வான்னு எரர் அடிக்கும்.

சிசிகேஷ் (ccache, முன்னாடி கம்பைல் பண்ணதை சேமிச்சு வெச்சு மறுபடி தர்ற டூல்) யூஸ் பண்றவங்க எந்த வழில வேணாலும் தாராளமா அழிக்கலாம், அதோட கேஷ் வழக்கமா ஹோம் டைரக்டரில தனியா இருக்கறதால அடுத்த பில்ட் சீக்கிரமே முடிஞ்சிடும். பில்ட் எவ்ளோ நேரம் எடுக்குதுன்னு அளக்கறப்ப மட்டும் அதை ஆஃப் பண்ணிக்கோங்க.