14 இஃப் போய் ஓர் ஊர்ப்பட்டியல்: லிப்ரே ஆபிஸ் கால்க், என் அனுபவம்

யாங்கோனில் பருப்பு, மிளகாய், புளி மொத்தக்கடை ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். வெளியூர் பில் ஒவ்வொன்றிலும் லாரிக்கூலி சேர வேண்டும். ஊருக்கு ஒரு ரேட், அதோடு எடையைப் பொறுத்து ஏற்றுக்கூலி. எடை இங்கே வீசையில்தான். 1 வீசை சுமார் 1.63 கிலோ.

நாலு வருஷமாக இதை ஒரே செல்லில் 14 இஃப் (IF: ‘இப்படி இருந்தால் இது, இல்லையென்றால் அது’ என்னும் ஃபார்முலா) அடுக்கிப் போட்டுவந்தேன். பெகுவா, இல்லையென்றால் தட்டோனா, இல்லையென்றால் மோல்மீனா என்று போய், எதுவுமே இல்லையென்றால் மாந்தலே ரேட். அந்தக் கடைசி ‘இல்லையென்றால்’தான் காலை வாரியது. பில் போடும் பையன் ஒரு நாள் தட்டோனைத் ‘தாட்டோன்’ என்று அடித்துவிட்டான். ஃபார்முலா சத்தமே இல்லாமல் மாந்தலே ரேட்டைப் போட்டது. மறுநாள் தட்டோன் அக்கா போன் செய்தார்: “தம்பி, போன தடவையும் 40 வீசை உளுந்துதானே வாங்கினேன், கூலி மட்டும் எப்படி ரெண்டு மடங்கு ஆச்சு?” பதில் சொல்ல முடியாமல் நின்றது இன்னும் மனசை உறுத்துகிறது.

அன்று ராத்திரியே கால்க்கில் (எக்ஸெல் மாதிரிக் கணக்கு ஷீட் போடும் மென்பொருள்) தனி ஷீட் போட்டேன். முதல் பத்தியில் ஊர், பக்கத்தில் ரேட். பில்லில் ஒரே எக்ஸ்லுக்அப் (XLOOKUP, பட்டியலில் தேடித் தரும் ஃபார்முலா): இந்த ஊரை அந்தப் பத்தியில் தேடு, ரேட்டைக் கொடு, கிடைக்காவிட்டால் ‘ஊர் இல்லை’ என்று காட்டு. எழுத்துப் பிழை இப்போது அங்கேயே மாட்டிக்கொள்கிறது. எனக்கு இது ஒன்றே போதும்.

எடை விஷயம் கொஞ்சம் நுணுக்கம். லாரி ஆபீஸ் போர்டில் ‘10 வரை, 30 வரை, 60 வரை’ என்றுதான் இருக்கும். அதனால் பட்டியலிலும் 10, 30, 60 என்றே எழுதி, எக்ஸ்லுக்அப்பில் ‘பொருத்தும் முறை’ கேட்கும் இடத்தில் 1 கொடுக்க வேண்டும். தேடும் எண் அப்படியே பட்டியலில் இல்லாவிட்டால் அடுத்த பெரிய எண்ணை எடுக்கும். 27 வீசையும் சரி, 30 வீசையும் சரி, 30 வரிசைக்கே போகும். -1 கொடுத்தால் 27 வீசை 10 வரிசைக்கு இறங்கிவிடும். இதே வேலைக்கு முன்பிருந்தே இருக்கும் பழைய ஃபார்முலாவான வீலுக்அப்பால் (VLOOKUP) இப்படி மேல்நோக்கித் தேட முடியாது. அதில் நாலாவது இடத்தை எழுதாமலே விட்டால் ‘தோராயமாகப் பொருத்து’ என்றும் எடுத்துக்கொள்ளும். ஊர்ப்பெயர் தேடும்போது அங்கே மறக்காமல் 0 போடுங்கள்.

கால்க் இலவசம், நெட் தேவையில்லை. கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் அது பெரிய உபகாரம். ஆனால் எக்ஸ்லுக்அப் 2024 ஆகஸ்டில் வந்த 24.8 பதிப்பிலிருந்துதான் இருக்கிறது. எக்ஸெல் 2016, 2019 வைத்திருப்பவர்களிடமும் அது இல்லை. அவர்களுக்கு அனுப்பும் ஃபைலில் ஊருக்கு வீலுக்அப்பே வைத்திருக்கிறேன்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. டீசல் விலை ஏறி பட்டியலில் ஒரு ரேட்டை மாற்றினால், அதே ஃபைலில் இருக்கும் பழைய பில்களும் சேர்ந்து மாறிவிடும். ஒவ்வொரு சாயங்காலமும் கடை அடைக்கும் முன் அன்றைய கூலிப் பத்தியைக் காப்பி செய்து, அதே இடத்தில் எண்ணாக மட்டும் ஒட்டிவிடுகிறேன்.