தமிழ் எழுத்துக் கீகேப் வாங்குகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

செராஸ் பக்கம் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் மெக்கானிக்கல் கீபோர்டு சாமான் விற்கும் ஒருவரிடம் 200 வெள்ளியையும் (மலேசிய ரிங்கிட்) என் பழைய கீகேப் செட்டையும் பறிகொடுத்துவிட்டேன். கீகேப் என்றால் கீபோர்டு விசையின் மேல் மாட்டும், எழுத்துப் போட்ட மூடி. புகார் கொடுத்திருப்பதால் கடைப் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் எப்படி ஏமாற்றினார் என்பதை ஒன்று விடாமல் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரில் தமிழ் எழுத்துப் போட்ட கீகேப் தேடினால் கிடைக்கிற ஆட்கள் மிகக் குறைவு. நாளைக்கு நீங்களும் அவர் வாசலில்தான் போய் நிற்பீர்கள்.

முதலில் எதற்கு வாங்கினேன் என்று சொல்கிறேன். எனக்கு எழுத்தே தேவையில்லை. மொழிபெயர்ப்பு வேலை, நாள் முழுக்கத் தட்டச்சு, கண் திரைமேல்தான் இருக்கும். அப்பாவுக்குத்தான் தேவை. செந்தூலில் எங்களோடு இருக்கிறார், ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். நம் நாட்டில் பலரும் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் மென்பொருள் வந்த காலத்திலிருந்து ஆங்கில எழுத்தை ஒலிப்படி தட்டித் தமிழ் எழுதிப் பழகிவிட்டோம். அப்பாவுக்கு அது ஒட்டவில்லை. "அம்மான்னு எழுத நான் எதுக்கும்மா ஆங்கிலத்துல யோசிக்கணும்?" என்று கேட்டார். அதனால் தமிழ்99 கற்றுக்கொடுத்தேன். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி வந்த விசைப்பலகை அமைப்பு அது. உயிரெழுத்து 12ம் இடக்கைக்கு, மெய் 18ம் பெரும்பாலும் வலக்கைக்கு, கூடவே ஒரு புள்ளி. 31 விசையில் மொத்தத் தமிழும் அடங்கிவிடும். ஒரு வாரத்தில் அப்பா சொந்தமாக வரி வரியாக அடிக்க ஆரம்பித்துவிட்டார். ஆனால் குனிந்து எழுத்தைப் பார்த்துத்தான் அடிப்பார். ஒட்டுத்தாள் ஒட்டிக் கொடுத்தேன், ஓரம் பிசுபிசுத்து உரிந்தது. சரி, நல்ல கீகேப்பாகவே வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

கடைக்காரர் தமிழர், இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார். "அக்கா, இது டை சப் பிபிடி. எழுத்து சாயமா உள்ள ஊறிடும், பத்து வருஷம் ஆனாலும் அழியாது" என்றார். பிபிடி என்பது கனமான ஒரு பிளாஸ்டிக், டை சப் என்பது சூட்டில் சாயத்தை உள்ளே ஏற்றும் அச்சு முறை. ‘அ’ அச்சிட்ட மாதிரிக் கீகேப் ஒன்றைக் கையில் கொடுத்தார். தடிமனாக, லேசான சொரசொரப்போடு, உண்மையிலேயே அருமையாக இருந்தது. வீட்டில் அப்பாவிடம் காட்ட வேண்டும் என்றேன், கொண்டுபோகச் சொன்னார். அந்த ஒரு கீகேப் என்னிடம் தங்கிவிட்டதால்தான் இன்று என்னால் எதையும் நிரூபிக்க முடிகிறது.

விலை 260 வெள்ளி. என் கீபோர்டில் ஏற்கெனவே இருந்த, எழுத்தைத் தனி நிறப் பிளாஸ்டிக்கிலேயே வார்த்த டபுள் ஷாட் செட்டை மாற்றாகக் கொடுத்தால் 60 வெள்ளி கழித்துக்கொள்வதாகச் சொன்னார். 100 முன்பணம் கட்டினேன். நான்கு வாரம் கழித்து சரக்கு வந்தது. கீபோர்டோடு போனேன், மீதி 100ஐக் கட்டினேன், அவரே மாட்டித் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டார்.

மாட்டியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன், அப்போதே தடுத்திருக்க வேண்டும். கீகேப்பை இரண்டு பக்கமும் கம்பி கொடுத்துப் பிடித்து நேராக மேலே தூக்க வேண்டும். அவர் பிளாஸ்டிக் வளையம் மாதிரி ஒரு புல்லரை (கீகேப் பிடுங்கும் கருவி) நுழைத்துத் திருகினார், என் பழைய கீகேப்பின் பக்கவாட்டில் கீறல் விழுந்தது. ஸ்பேஸ் பாரை ஒரு முனையில் மட்டும் நெம்பினார், நீள விசை சாயாமல் தாங்கும் ஸ்டேபிலைசர் கம்பி கழன்று தொங்கியது. கீகேப்புக்கு அடியில் இருக்கும் சுவிட்சை சாலிடர் இல்லாமல் கழற்றி மாட்டுகிற பலகை என்னுடையது. ஒரு கீகேப் இறுக்கமாக இருக்க, சுவிட்சும் சேர்ந்தே வந்துவிட்டது. கீழே இருக்கும் இரண்டு உலோகக் கால்களைக்கூடப் பார்க்காமல் அப்படியே அமுக்கினார். ஒரு கால் மடங்கிவிட்டது. வீட்டுக்கு வந்தால் ‘க’ விழவில்லை. இடுக்கியால் மெல்ல நிமிர்த்தி நானே சரிசெய்தேன்.

அன்று மாலையே அப்பா கண்டுபிடித்தார். "ஏம்மா, ரெண்டு சுழி அடிச்சா மூணு சுழி விழுது." பார்த்தால் ‘ன’ இருக்க வேண்டிய விசையில் ‘ண’, ‘ண’ இருக்க வேண்டியதில் ‘ன’. அதே போல ‘ல’வும் ‘ள’வும் இடம் மாறி இருந்தன. ன, ண இரண்டும் ஒரே வரிசை விசைகள், பிடுங்கி மாற்றிப் போட்டேன், சரியாகிவிட்டது. ல, ள அப்படி இல்லை. ‘ல’ கடைசி வரிசை, ‘ள’ மேல் வரிசை. இந்த வகைக் கீகேப்பில் வரிசைக்கு வரிசை உயரமும் சாய்வும் வேறு. மாற்றிப் போட்டதும் ஒன்று துருத்திக்கொண்டு நின்றது, இன்னொன்று பள்ளமாக இருந்தது. வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்கு லகர ளகர வேறுபாடு சொல்லிக்கொடுத்த மனிதர். அவர் விரல் அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் தடுக்குவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்தது வலப்பக்க ஷிஃப்ட். என்னுடையது 65 சதவீதக் கீபோர்டு என்கிற சிறிய வகை. சாதாரண விசை ஒன்றின் இடம் 19.05 மில்லிமீட்டர். முழு அளவுக் கீபோர்டில் வலது ஷிஃப்ட் அதைப்போல 2.75 மடங்கு, என்னுடையதில் 1.75 மடங்குதான். வந்த செட்டில் பெரியது மட்டும்தான் இருந்தது. மாதிரி எண் சொல்லித்தான் ஆர்டர் கொடுத்தேன். பழைய செட் கையில் இருந்திருந்தால் அதிலிருந்த ஷிஃப்ட்டையாவது மாட்டியிருப்பேன். இன்றுவரை அந்த இடத்தில் கீகேப் இல்லாமல் சுவிட்ச் தண்டு மட்டும் நிற்கிறது.

இதையெல்லாம்கூடக் கவனக்குறைவு என்று விட்டிருப்பேன். 19ஆம் நாள் புள்ளி விசையில் இருந்த புள்ளி தேய்ந்து காணாமல் போனது. தமிழ்99இல் ஓயாமல் அடி வாங்குவது அதுதான். பிறகு ‘அ’வின் வால் போனது. நகத்தால் மற்ற எழுத்துகளைத் தடவினேன், மேடாகத் தட்டுப்பட்டது. சாயம் ஊறிய எழுத்து அப்படித் தட்டுப்படாது. மேலே மையால் அச்சிட்டுவிட்டு டை சப் என்று விற்றிருக்கிறார்.

அப்புறம் சமையலறையில் ஒரு சோதனை செய்தேன். செலவே இல்லை, நீங்களும் செய்யலாம். ஒரு டம்ளரில் 100 மில்லி தண்ணீருக்கு 40 கிராம் உப்பு போட்டு, அடியில் கொஞ்சம் கரையாமல் நிற்கும்வரை கலக்குங்கள். கீகேப் செய்யும் இன்னொரு பிளாஸ்டிக்கான ஏபிஎஸ் சாதாரணத் தண்ணீரில் மூழ்கும், இந்த உப்புத் தண்ணீரில் மிதக்கும். பிபிடி அதைவிடக் கனம், இரண்டிலும் மூழ்கும். கீகேப்பின் குழிக்குள் காற்றுக் குமிழி நின்றால் எதுவும் மிதந்து ஏமாற்றிவிடும். அதனால் தண்ணீருக்குள்ளேயே சாய்த்துக் குமிழியை வெளியேற்றிவிட்டு விட வேண்டும். கடைக்காரர் கொடுத்த மாதிரி ‘அ’வையும், செட்டில் வந்த ‘அ’வையும் ஒரே டம்ளரில் போட்டேன். மாதிரி நேராக அடிக்குப் போய் உட்கார்ந்தது. செட்டில் வந்தது மேலே வந்து நின்றது. அப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் கைப்பேசியில் வீடியோ எடுத்துவிட்டேன்.

ஏபிஎஸ் என்றாலே மட்டம் என்று நான் சொல்லவில்லை. நல்ல ஏபிஎஸ் டபுள் ஷாட் செட்டுக்கு நிறையக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் உண்டு. அதில் எழுத்தே தனி நிறப் பிளாஸ்டிக், உட்பக்கம் திருப்பிப் பார்த்தால் இரண்டு நிறமும் தெரியும், தேய்ந்து அழிய வழியே இல்லை. ஆனால் டை சப் என்றால் பெருஞ்சூட்டில் சாயத்தை உள்ளே ஏற்ற வேண்டும். ஏபிஎஸ் நூறு டிகிரியைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் இளகிவிடும், அந்தச் சூட்டைத் தாங்காது. மிதக்கிற கீகேப்பில் சாயம் ஊறியிருக்கிறது என்றால் அது பொய்தான். இன்னொன்றையும் நான் கவனித்திருக்க வேண்டும். அவர் காட்டிய படத்தில் ஓரத்து விசைகள் அடர் நீலத்தில், எழுத்து வெள்ளையில் இருந்தன. வழக்கமான டை சப் முறையில் சாயம் பிளாஸ்டிக்கை அடர்த்தியாக்கும், வெளுக்க வைக்காது. அடர் நிறத்தின் மேல் வெள்ளை எழுத்து வந்தால் எப்படிப் பதித்தது என்று கேட்டே ஆக வேண்டும்.

வீடியோவோடு கடைக்குப் போனேன். "கஸ்டம் ஆர்டர் அக்கா, மாத்த முடியாது" என்று சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் காட்டினார். என் பழைய செட்டையாவது திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். விற்றாகிவிட்டது என்றார். அன்றிரவே வாட்ஸ்அப்பில் என்னைத் தடுத்துவிட்டார்.

அப்படிப்பட்ட அறிவிப்பைப் பார்த்துப் பயந்து திரும்பிவிடாதீர்கள். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கொடுக்கும் உத்தரவாதத்தைச் சுவரில் ஒட்டிய தாள் ரத்து செய்ய முடியாது. சொன்ன பொருள் ஒன்று, கொடுத்த பொருள் வேறு என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளிவரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும், விசாரணையில் வக்கீல் வைக்க முடியாது, நாமே பேச வேண்டும். ரசீது, ‘டை சப் பிபிடி’ என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, இரண்டு ‘அ’ கீகேப், வீடியோ எல்லாம் சேர்த்துப் போன வாரம் மனு கொடுத்தேன். விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறேன். வாய்ப்பேச்சோடு விட்டிருந்தால் என் கையில் ஒன்றுமே இருந்திருக்காது. அதனால் என்ன பிளாஸ்டிக், என்ன அச்சு, எந்தெந்த அளவு விசை வரும் என்பதை எழுத்தில் வாங்காமல் ஒரு வெள்ளிகூடக் கட்டாதீர்கள். தமிழ் எழுத்து என்றால் அச்சுக்குப் போகும் முன் வரைபடத்தை வாங்கி ஒவ்வொரு விசையாகச் சரிபாருங்கள். புது செட் வீட்டில் ஒரு மாதம் ஓடும்வரை பழையதை யாருக்கும் மாற்றாகக் கொடுக்காதீர்கள்.

ஒரு உதவியும் கேட்கிறேன். என் பழைய செட் வெளிர் சாம்பல், எழுத்து கறுப்பு, எஸ்கேப் மட்டும் சிவப்பு. எண்டர் கீகேப்பின் உட்பக்கம் பச்சை மையில் சிறியதாக ‘செ’ என்று எழுதியிருக்கும், நான்தான் எழுதினேன். கிள்ளான் பள்ளத்தாக்கில் யாராவது உங்களிடம் அதை விற்க வந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். வாங்கிவிட்டிருந்தால் முழு செட்டும் வேண்டாம், அந்த 1.75 ஷிஃப்ட்டை மட்டும் கொடுங்கள், கேட்கும் விலையைக் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.