குமரி மாவட்டத்தில் சிற்றலை கேட்க: கம்பியா வளையமா, கையடக்க ரேடியோவா எஸ்.டி.ஆரா?

பிபிசி தமிழோசை 1941-இல் தொடங்கிய தன் வானொலி ஒலிபரப்பை 2017-இல் நிறுத்தியபோது, சிற்றலை (ஷார்ட்வேவ்) கேட்கும் பழக்கமே அதோடு முடிந்தது என்று எண்ணியவர்கள் நம் மாவட்டத்தில் பலர். ஆனால் சீனம், துருக்கி, ருமேனியா, நியூசிலாந்து முதலிய நாடுகளின் பன்னாட்டு வானொலிகள் இன்றும் சிற்றலையில் ஒலிக்கின்றன. புதிதாக இதில் இறங்குபவர் கேட்கும் முதல் கேள்வி 'எந்த ரேடியோ வாங்கலாம்?' என்பது. அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் கருத்து. வீடு எங்கே இருக்கிறது, அங்கே எந்த ஆன்டெனா கட்ட இடம் உண்டு என்ற இரண்டுக்கும் விடை தெரிந்த பிறகு கருவியைப் பற்றிப் பேசினால் பணம் வீணாகாது.

சிற்றலைக்காரர் கண்ணில் இம்மாவட்டம் மூன்று நிலங்களாகப் பிரிகிறது: குளச்சல், முட்டம் போன்ற கடலோரம், நாகர்கோவில், மார்த்தாண்டம் போன்ற நெருக்கமான ஊர்கள், கீரிப்பாறை, பேச்சிப்பாறை போன்ற மலையடிவாரம். உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால், கடலுக்கு மிக அருகில் நிற்கும் செங்குத்தான ஆன்டெனா, தொடுவானத்தை ஒட்டித் தாழ்ந்து வரும் தொலைதூர அலைகளை உள்நாட்டில் நிற்கும் அதே ஆன்டெனாவைவிடத் தெளிவாக வாங்கும். மடகாஸ்கரிலிருந்தும் அசென்ஷன் தீவிலிருந்தும் வரும் அஞ்சல் ஒலிபரப்புகளுக்கு (பிற நாட்டு வானொலிகளை வாங்கி மறுபடி அனுப்புபவை) முட்டம் பாறைகளில் அமர்ந்து, ரேடியோவில் உள்ள கம்பியை மட்டும் நீட்டிக் கேட்பது, நகரத்து மாடியில் பெருஞ்செலவில் செய்த ஏற்பாட்டை எளிதில் தோற்கடிக்கும். மலையடிவாரத்தில் மின் இரைச்சல் மிகக் குறைவு. ஆனால் வடக்கிலும் கிழக்கிலும் மலைத்தொடர் எழுந்து நிற்பதால் அத்திசைகளிலிருந்து தாழ்ந்து வரும் அலைகளில் ஒரு பகுதி தடைபடும். சுமார் 550 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அகில இந்திய வானொலியின் பெங்களூரு நிலையத்தின் அலை வானிலிருந்து உயர்ந்த கோணத்தில் இறங்குவதால் அதற்கு இந்த மலைகள் ஒரு பொருட்டல்ல.

ஆன்டெனாவில் போட்டி, நீளக் கம்பிக்கும் சிறு வளையத்துக்கும் இடையே. தோப்பு உள்ளவர் யோசிக்காமல் கம்பியைத் தேர்ந்தெடுக்கலாம். இருபுறமும் சம நீளம் கொண்ட டைபோல் ஆன்டெனாவின் மொத்த நீளத்தை, 143-ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்து மீட்டரில் பெறலாம். 31 மீட்டர் அலைவரிசைக்கு (சுமார் 9.6 மெகாஹெர்ட்ஸ்) அது ஏறத்தாழ 15 மீட்டர். தொலைதூர நிலையங்களுக்கு அதே 15 மீட்டர் உயரமும் இருந்தால் நன்று என்பதால், வளர்ந்த இரண்டு தென்னைகள் இந்த வேலைக்கென்றே நட்டவைபோல் பொருந்துகின்றன. நடுவிலிருந்து இறக்க கேபிள் டிவிக்குப் பயன்படும் ஆர்ஜி-6 வயரே போதும். அதன் 75 ஓம் மின்மறுப்பு டைபோலின் இயல்பான மின்மறுப்போடு நன்கு ஒத்துப்போகிறது. கம்பி வடகிழக்கு–தென்மேற்காக ஓடினால் அதன் இரு பக்கங்களும் ஐரோப்பாவையும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து திசையையும் பார்க்கும். கிழக்குச் சீனத்திலிருந்து வரும் அலைகள் அப்போது கம்பியின் நுனிப்பக்கமாக வந்து சற்றுத் தளரும். ஆனால் சீன வானொலியின் காஷ்கர் நிலையம் நமக்கு நேர் வடக்கே இருப்பதாலும் அதன் திறன் பெரிது என்பதாலும் இழப்பு பெரிதாகத் தெரியாது.

கம்பியை ஏற்றுவதுதான் பெரிய வேலை. தங்கூசியில் ஈயக்குண்டு கட்டி எறிந்து பார்ப்பதைவிட, தேங்காய் வெட்ட ஆள் வரும் நாளில் கொண்டைக்குச் சில அடி கீழே ஒரு சிறு கப்பியை அவரைக் கொண்டே கட்டச் சொல்வது எளிது. ஆடிக் காற்றில், குறிப்பாக ஆரல்வாய்மொழிப் பக்கம், மரங்கள் ஒன்றுக்கொன்று எதிராக ஆடும். இரு முனையையும் இறுக்கிக் கட்டினால் கம்பி அறுந்துவிடும். ஒரு முனைக் கயிற்றைக் கப்பி வழியாக இறக்கி, அதன் நுனியில் ஒரு கல்லைத் தொங்கவிட்டால், மரம் ஆடும்போது கல் ஏறி இறங்குமே தவிர கம்பி இழுபடாது. விழும் மட்டைக்கு மட்டும் இதில் பரிகாரம் இல்லை. குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் இந்த வசதிகள் கிடையா. கிளைகளுக்கு ஊடே போகும் கம்பியைக் கழற்றுவதும் கடினம்.

நகரத்தில் நிலைமை வேறு. அங்கே குறைவது அலையின் வலு அன்று, எல்.இ.டி. விளக்குகள், இன்வெர்ட்டர், செல்போன் சார்ஜர், சூரிய மின்தகட்டு இன்வெர்ட்டர் ஆகியவை எழுப்பும் மின் இரைச்சலில் அலை அமிழ்ந்துவிடுகிறது. நீண்ட கம்பி நிலையத்தைப் போலவே இரைச்சலையும் அள்ளிக்கொண்டு வரும். ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள எம்.எல்.ஏ-30 பிளஸ் போன்ற வளைய ஆன்டெனா குறைவாகவே பிடித்தாலும், தன் தளத்துக்குச் செங்குத்தான இரு திசைகளில் ஏறக்குறைய செவிடாக இருப்பதால், அதைத் திருப்பிப் பக்கத்து வீட்டு இரைச்சலை அந்தத் திசைகளுக்குள் தள்ளிவிடலாம். மாடித் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு குழாயில் நிறுத்தினால் முடிந்தது. அதற்கு வேண்டிய 5 வோல்ட்டை சுவர் சார்ஜரிலிருந்து கொடுப்பது, இரைச்சலைக் காசு கொடுத்து வாங்குவதாகும், பவர்பேங்க் போதும். கடைகளில் இதை எங்கும் பொருந்தும் ஆன்டெனா என்று விற்பது மிகை. இடமும் அமைதியும் உள்ள இடத்தில் டைபோலின் முன் அது நிற்காது.

எதை வாங்குவதற்கு முன்பும் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. பேட்டரியில் ஓடும் ஏதாவதொரு ரேடியோவை, நிலையம் எதுவும் இல்லாத ஒரு சிற்றலை இடத்தில் வைத்து ஒலியைக் கூட்டிக்கொண்டு, வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துப் பார்க்க வேண்டும். கரகரப்பு பாதியாகக் குறைந்தால் குற்றவாளி வீட்டுக்குள் இருக்கிறார். ஒவ்வோர் அறையாக சுவிட்சைப் போட்டு அவரைப் பிடித்துவிடலாம். எதுவும் மாறவில்லையென்றால் இரைச்சல் தெருவிலிருந்து வருகிறது என்று பொருள். அப்போது வளையத்துக்கான செலவு நியாயமாகும்.

இனிக் கருவிகள். டெக்சன் பிஎல்-330, பிஎல்-660, எக்ஸ்டேட்டா டி-808 ஆகிய மூன்றும் ஒலியைச் சுமக்கும் அடிப்படை அலையை விட்டுவிட்டு அனுப்பப்படும், ஒற்றைப் பக்கப்பட்டை எனப்படும் எஸ்எஸ்பி ஒலிபரப்பையும் வாங்கும். பிஎல்-330 சட்டைப் பைக்குள் அடங்கும். பழைய நோக்கியா போன்களின் பிஎல்-5சி பேட்டரியில் ஓடுவதால் எந்த மொபைல் கடையிலும் மாற்று பேட்டரிக்கு வழி உண்டு. டி-808-இன் ஒலி இனிமையானது. ஆயினும் நம் ஊருக்கு நான் பிஎல்-660-ஐயே முன் வைப்பேன்; காரணம் நம் தலைக்கு மேலே உள்ளது. புவியின் காந்த நடுக்கோடு நமக்கு மிக அருகே செல்கிறது. 1963 நவம்பர் 21-இல் முதல் ராக்கெட் ஏவப்பட்ட தும்பா இதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டது. இந்தக் கோட்டை ஒட்டிய அயனி மண்டலம் (சிற்றலைகளைப் பூமிக்குத் திருப்பி அனுப்பும் வான்மேல் அடுக்கு) சூரியன் மறைந்தபின், குறிப்பாகப் பங்குனி, புரட்டாசியை ஒட்டிய மாதங்களில், நிலைகுலைந்து குமிழிகளாகப் பிளவுபடுகிறது. அதனால் நிலையங்களின் குரல் விட்டுவிட்டுத் துடித்து, சில நொடிகள் தகரத்தில் தட்டியதுபோல் சிதைகிறது. அடிப்படை அலை தளரும்போது கருவியே அதற்கு ஈடாக ஓர் அலையை உருவாக்கிக்கொள்ளும் 'சிங்க்' வசதி பிஎல்-660-இல் ஒரு பொத்தானை அழுத்தும் தொலைவில் இருக்கிறது. துடிப்பை அது முழுதும் தீர்க்காவிட்டாலும் பேச்சு புரியும்படி ஆக்கிவிடும். டி-808 வைத்திருப்பவர் எஸ்எஸ்பி நிலையில் நுணுக்கமாகத் திருகி இதே பயனைக் கையால் பெறலாம். ஆனால் செய்தி முழுவதும் விரல் திருகியிலேயே இருக்கும்.

கணினியோடு இணைத்து மென்பொருளால் இயக்கும் ரேடியோவான எஸ்.டி.ஆர். வேறு வகை இன்பம். 9400 முதல் 9900 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள 31 மீட்டர் அலைவரிசை முழுவதும் ஒரே திரையில் விரிந்து கிடக்கும். எந்த நிலையம் எப்போது எழுந்தது, எப்போது அணைந்தது என்பது கண்ணுக்குத் தெரியும். மலிவான ஆர்டிஎல்-எஸ்டிஆர் வாங்குபவர் மூன்றாம் பதிப்பைத் தவிர்த்து நான்காம் பதிப்பை எடுக்கலாம், முன்னதில் 14.4 மெகாஹெர்ட்ஸுக்கு மேலுள்ள அலைகள் மடிந்து கீழே போலியாகத் தோன்றும். இரண்டுமே வலுத்த அலையையும் மெலிந்த அலையையும் ஒருசேரத் தாங்காத 8 பிட் கருவிகள் என்பதால் நீளக் கம்பியில் மாட்டினால் தூத்துக்குடி, புத்தளம் போன்ற வலுவான மத்திய அலை (மீடியம் வேவ்) ஒலிபரப்புகள் திரையெங்கும் பரவிவிடும். அவற்றைத் தடுக்கும் வடிகட்டி தேவை. இல்லையேல் 14 பிட் ஆர்எஸ்பி1பி போன்றதற்குப் போக வேண்டும். மடிக்கணினியை பேட்டரியில் ஓட்டாதவருக்கு எஸ்.டி.ஆர். அதன் சார்ஜரின் இரைச்சலையும் சேர்த்தே காட்டும். தினமும் அரை மணி நேரம் செய்தி கேட்பவருக்கு இது வேண்டாத சுமை; அலைகளின் போக்கை ஆராய்பவருக்கு மட்டும் ஏற்றது.

நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் நடத்துவதைப் போன்ற இணைய வழி ரேடியோக்களை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. அங்கே கேட்பது ட்வென்டேயில் விழுந்த அலை.

பராமரிப்பில் எதுவும் முழுதாகத் தப்புவதில்லை. கடலோரத்தில் வெற்றுச் செம்புக் கம்பி விரைவில் பச்சை பூத்துவிடும். உறையிட்ட கம்பியைப் பயன்படுத்தி, ஈயம் வைத்த இணைப்புகளை நீர் புகாதபடி சுற்ற வேண்டும். சித்திரை, வைகாசியிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடி நமக்கு வழக்கம். அப்போது வெளிக்கம்பியின் வயரைக் கருவியிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுவதே நம்பத்தக்க காப்பு. வளையத்தில் வயரைக் கழற்றினாலும், அருகே விழும் இடியால் அதன் தலையில் உள்ள பெருக்கி கருகிவிட வாய்ப்புண்டு. அந்த மாதங்களில் மட்டும் வளையத்தை இறக்கி வைக்க இடமில்லாதவர் கையடக்க ரேடியோவையும் அதன் சொந்தக் கம்பியையும் கொண்டே சமாளிப்பது நல்லது.