கைட் சர்ஃபிங் பலகைக்கு எந்த ரெசின்: பாலியெஸ்டரா, எப்பாக்ஸியா?

கச்சான் (தென்மேற்குக்) காற்றுக்கு முன், பட்டம் இழுக்கத் தண்ணீர்மேல் சறுக்கும் கைட் சர்ஃபிங்குக்கு வீட்டுக் கொட்டகையில் சொந்தப் பலகை செய்ய நினைக்கும் பாம்பன், மண்டபம் தம்பிகளுக்கு முதல் கேள்வி இதுதான். பனிச்சறுக்குக் கட்டையைப் போலவே நடுவில் மரம், இருபுறமும் கண்ணாடி இழைத் துணி. சேர்த்துப் பிடிப்பது ரெசின்.

பாலியெஸ்டர் நம் ஃபைபர் படகுக்காரர்களுக்குப் பழகியது, விலையும் குறைவு. இறுக வைக்கும் திரவமான கேட்டலிஸ்ட்டை 1 முதல் 2 சதவீதம் கலந்தால் சீக்கிரம் இறுகும். ஆனால் மரத்தில் பிடி போதாது. படகு விறைப்பாக நிற்கும். பலகையோ ஒவ்வொரு அலைக்கும் வளைந்து நிமிரும், அங்கேதான் அடுக்கு பிரியும். நடுவில் தெர்மாகோல் வைத்தால் பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் என்ற கரைப்பான் அதைக் கரைத்தேவிடும். இறுகுவதை வேகப்படுத்தச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றில் ஒன்று ஊற்றவே கூடாது, வெடிக்கும் ஆபத்து உண்டு.

எப்பாக்ஸி விலை கூடுதல். தராசில் நிறுத்துக் கலக்க வேண்டும். அளவு பிசகினால் சரியாக இறுகாது. நம் ஊர் வெயிலில் டப்பாவிலேயே சூடேறிப் புகையும், ஆகவே விடியற்காலையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து அகலத் தட்டில் ஊற்றுங்கள். மரத்தை விடாமல் பற்றும். வாடை குறைவு என்று கையுறையை விட்டுவிடாதீர்கள், தோலுக்கு ஒவ்வாமை வந்தால் லேசில் போகாது.

பலகைக்கு நான் எப்பாக்ஸியைத்தான் சொல்வேன்.