பழைய காருக்கு எஸ்க்ரோ: பல வருடம் பயன்படுத்திய அனுபவம்

அமெரிக்காவில் கார் பிரியர்களுக்கென்றே இருக்கும் இணைய ஏலத் தளங்களில் புதிதாக நுழைபவர்களுக்கு ஒரு விஷயம் தெரிவதில்லை. அப்படியொரு தளமான பிரிங் எ டிரெய்லரில் ஏலம் உங்களுக்கு விழுந்தால், தளம் உங்கள் கார்டிலிருந்து தன் கட்டணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். காரின் விலை அதன் கைக்கே வராது. வாங்குபவரும் விற்பவரும் நேரடியாகப் பேசி முடித்துக்கொள்ள வேண்டியதுதான். கார்ஸ் அண்ட் பிட்ஸ் தளத்திலும் இதே கதை. முன்பின் தெரியாத ஒருவருக்கு, 1,500 மைல் தள்ளி, இருபதாயிரம் முப்பதாயிரம் டாலரை வங்கி வழியாக ஒயர் செய்துவிட்டு, சாவியும் டைட்டிலும் (காரின் உரிமைச் சான்று) வந்து சேரும் என்று காத்திருக்க வேண்டும். ஒயரில் போன பணத்தைத் திரும்பப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எந்த வங்கியில் கேட்டாலும் சொல்வார்கள்.

நான் டல்லாஸ் பக்கம் இருக்கிறேன். 1960, 70களின் கார்கள் என்றால் உயிர். வெளிமாநிலத்திலிருந்து வாங்கும்போதெல்லாம் எஸ்க்ரோ வழியாகத்தான் வாங்குகிறேன், பல வருடமாக. பணத்தை நடுவில் ஒரு நிறுவனம் பிடித்து வைத்து, வாங்குபவர் காரை ஏற்றுக்கொண்ட பிறகு விற்பவருக்குக் கொடுப்பதுதான் எஸ்க்ரோ. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஸ்க்ரோ உங்கள் பணத்தைக் காப்பாற்றும். காரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. வந்து இறங்கிய கார் சொன்னபடி இருக்கிறதா என்று தகராறு வந்தால், பணம் கட்டுவதற்கு முன் இரண்டு பேரும் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான் பார்ப்பார்கள்.

நடைமுறை எளிது. நிபந்தனைகளை இருவரும் ஏற்றவுடன் நீங்கள் எஸ்க்ரோ கணக்கில் பணம் போடுகிறீர்கள். பணம் வந்துவிட்டது என்று விற்பவருக்குத் தகவல் போனதும் அவர் காரை அனுப்புகிறார். கார் வந்த நாளிலிருந்து உங்களுக்குச் சில நாள் பரிசோதனைக் காலம். ஏற்றுக்கொண்டால் பணம் விற்பவருக்குப் போகும். நீங்கள் வாயே திறக்காமல் அந்தக் காலம் முடிந்தாலும் பணம் போய்விடும். இந்தக் கடைசி வரியைத்தான் பலர் படிப்பதில்லை.

நான் வாங்கியதிலேயே அதிகம் கற்றுக்கொடுத்தது கலிபோர்னியாவிலிருந்து வந்த 1967 ஃபோர்டு மஸ்டாங் ஹார்ட்டாப். 289 வி8 எஞ்சின். ‘துரு இல்லாத கலிபோர்னியா கார்’ என்று விளம்பரம். படங்கள் அருமையாக இருந்தன. ஆனால் 1981 மாடலுக்கு முந்தைய கார்களுக்கு இன்றைய 17 எழுத்து வின் எண் (காரின் அடையாள எண்) கிடையாது. அதனால் காரின் வரலாற்றைச் சொல்லும் கார்ஃபாக்ஸ் மாதிரி அறிக்கைகள் இந்தக் கார்களுக்கு உதவாது. ஃபோர்டு என்றால் ஒரு நல்ல வழி உண்டு. 1967லிருந்து ஃபோர்டின் தயாரிப்புப் பதிவுகளை வைத்துத் தரும் மார்ட்டி ரிப்போர்ட் வாங்கலாம். அந்தக் காரின் எண் 7ஆர்01சி என்று தொடங்கியது: 67ஆம் வருடம், சான் ஹோசே ஆலை, ஹார்ட்டாப், இரண்டு பேரல் கார்புரேட்டர் உள்ள 289. டைட்டிலில் இருப்பதோடு இது ஒத்துப்போனால் மட்டும் போதாது. ஓட்டுநர் பக்கம் பானட்டைத் திறந்தால், ஃபெண்டரின் (சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) விளிம்பில் ஒரு வெட்டு தெரியும். அதற்குக் கீழே உள்தகட்டில் அதே எண் குத்தப்பட்டிருக்க வேண்டும். அதன் படத்தை அன்றைய செய்தித்தாளோடு சேர்த்து எடுத்து அனுப்பச் சொன்னேன். விற்பவர் முகம் சுளிக்காமல் அனுப்பினார். இப்படிக் கேட்டதும் மறைந்துபோகும் விற்பவர்களும் உண்டு.

நிபந்தனையில் ‘நல்ல நிலையில் உள்ள கார்’ என்று எழுதினால் அதற்கு அர்த்தமே இல்லை. ஃப்ளோர் பேன் (தரைத் தகடு), ஃபிரேம் ரெயில் (அடிச்சட்டம்), கவ்ல் இந்த மூன்றிலும் ஓட்டை விழுந்த துரு இல்லை என்று பெயர் சொல்லி எழுதச் சொன்னேன். பரிசோதனைக் காலம் டிரக்கிலிருந்து கார் இறங்கிய நாளிலிருந்து 5 வேலை நாள். நிராகரித்தால் திரும்பிப் போகும் டிரக் வாடகை யாருடையது என்பதும் அதிலேயே இருந்தது. வேலை நாள் என்ற சொல் எவ்வளவு முக்கியம் என்பது வண்டி வந்தபோது தெரிந்தது. டிரக் வந்தது வெள்ளிக்கிழமை இருட்டிய பிறகு. லிஃப்ட் உள்ள பட்டறை திங்கட்கிழமைதான் திறக்கும். காலண்டர் நாள் கணக்கில் 3 நாள் என்று ஒப்புக்கொண்டிருந்தால் அடியில் பார்க்கும் முன்பே பாதிக்கு மேல் நேரம் கரைந்திருக்கும்.

கவ்ல் என்றது என்ன என்று சொல்கிறேன். விண்ட்ஷீல்டுக்குக் கீழே, பானட்டை ஒட்டி, காற்று உள்ளே போக வரிவரியாகத் துளைகள் இருக்குமே, அதற்கு அடியில் இரண்டு தகடுகளை வெல்டிங் செய்து மூடிய ஒரு பெட்டி. கை நுழையாது, பெயிண்ட் சரியாகப் போகாது. சருகு விழுந்து ஈரம் தங்கி, உள்ளிருந்தே அரிக்கும். வெளியே கார் கண்ணாடியாக மின்னிக்கொண்டிருக்கும்! அந்தக் கால மஸ்டாங் வாங்கும் யாரும் இதைச் சோதிக்காமல் விடக்கூடாது. முன் கார்பெட்டைச் சுருட்டி மேலே தூக்கிவிட்டு, தரையில் பழைய செய்தித்தாளை விரித்தோம். மெக்கானிக் அந்தத் துளைகள் வழியே ஒரு சொம்பு அளவு தண்ணீரை மெல்ல ஊற்றினார். ஓட்டுநர் பக்கம் தாள் காய்ந்தே கிடந்தது. தண்ணீர் ஃபெண்டருக்குப் பின்னால் வழியவேண்டிய இடத்தில் ஒழுங்காக வழிந்தது. பயணி பக்கம் ஊற்றிய கொஞ்ச நேரத்தில் ஹீட்டருக்கு அருகே ஒரு சொட்டு, அப்புறம் அடுத்தடுத்து. தாளில் காப்பிக் கறை மாதிரி பழுப்பு வட்டம் பரவியது. தண்ணீர் துருவையும் கரைத்துக்கொண்டு வந்திருந்தது.

வீடியோ எடுத்து, பட்டறையின் எஸ்டிமேட்டோடு அன்றே அனுப்பினேன். இது சின்ன வேலை இல்லை. கண்ணாடியைக் கழற்றி, ஃபெண்டர்களை இறக்கி, ஸ்பாட் வெல்டிங்குகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டுப் பிரிக்க வேண்டும். விற்பவருக்கு உண்மையிலேயே இது தெரியாது என்றுதான் நினைக்கிறேன். மழையே பார்க்காத கார் அது. ஆனால் நிபந்தனையில் கவ்ல் என்று பெயர் இருந்ததால் வாக்குவாதத்துக்கு இடமில்லை. காரைத் திரும்ப எடுத்துக்கொள்வதா, விலையைக் குறைப்பதா என்பது மட்டுமே கேள்வி. எஸ்டிமேட் தொகையில் பாதிக்கு மேல் விலையில் குறைத்தார். இருவரும் ஒப்புக்கொண்டு தொகையைத் திருத்தினோம், மிச்சம் எனக்குத் திரும்பியது. இதே பணம் நேரடியாக அவர் கணக்குக்குப் போயிருந்தால் இந்தப் பேச்சே நடந்திருக்காது.

குறைகளும் உண்டு. நான் பயன்படுத்தும் சேவையில் அடையாளச் சரிபார்ப்பு ஒவ்வொரு முறையும் இழுக்கும். சனி, ஞாயிறு எதுவும் நகராது. ஏற்றுக்கொண்டேன் என்று அழுத்திய பிறகும் விற்பவர் கைக்குப் பணம் போக அவர்கள் சொன்னதைவிட நேரமாகிறது. அந்த இடைவெளியில் விற்பவர் என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்கிறார். கட்டணமும் சும்மா இல்லை, தொகையைப் பொறுத்து சில நூறு டாலர்.

டைட்டில்தான் அடுத்த தலைவலி. சில சேவைகள் டைட்டிலைத் தாங்களே வாங்கி வைத்துக்கொண்டு, ஒப்பந்தம் முடிந்ததும் உங்களுக்கு அனுப்பும். கொஞ்சம் கூடுதல் கட்டணம், ஆனால் தயங்காமல் கொடுங்கள். காரில் கடன் பாக்கி இருந்தாலும் அப்போது தெரிந்துவிடும். ஆனால் பழைய கார்களுக்கு டைட்டிலே தராத மாநிலங்கள் உண்டு. நியூயார்க்கில் 1972 வரையிலான மாடல்களுக்கு டைட்டில் கிடையாது, மாற்றித்தரக்கூடிய ரெஜிஸ்ட்ரேஷன் தாள்தான் உரிமைக்கு ஆதாரம். அங்கிருந்து 1971 எம்ஜிபி கார் ஒன்றை வாங்கியபோது, எந்தெந்தத் தாள் வேண்டும் என்று எங்கள் கவுன்ட்டி வரி அலுவலகத்தில் கேட்டு, அந்தத் தாள்களின் பெயரையே நிபந்தனையில் எழுதினோம். பழைய வெர்மான்ட் ரெஜிஸ்ட்ரேஷனைக் காட்டி விற்க வருபவர்களிடம் இன்னும் கவனம் தேவை. வெளிமாநிலத்தவர் தபாலிலேயே பழைய காரைப் பதிவுசெய்யும் அந்த வழியை 2023ல் அந்த மாநிலம் மூடிவிட்டது.

இனி போலி எஸ்க்ரோ. இதைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் தகும். 1999ல் தொடங்கி, 2015ல் ஆஸ்திரேலியாவின் ஃப்ரீலான்சர் நிறுவனத்திடம் போன எஸ்க்ரோ டாட் காம் இந்தத் துறையில் பெரிய பெயர். அந்த மாதிரி பெயர்களை ஓரெழுத்து மாற்றி, லோகோவையும் அப்படியே போட்டுத் தளம் நடத்துகிறார்கள். கதை எப்போதும் ஒரே அச்சு: சந்தை விலையில் பாதி, விற்பவர் ராணுவப் பணியில் வெளிநாட்டில், கார் ஏற்கனவே டிரக் கம்பெனியில் தயாராக இருக்கிறது, ‘இந்த எஸ்க்ரோவில்தான் கட்டவேண்டும்.’ ஈபேயின் பாதுகாப்புத் திட்டம் என்று சொல்லி கிஃப்ட் கார்டு எண் கேட்பதும் இதே கூட்டம்தான். ஈபேக்கு வெளியே நடக்கும் வியாபாரத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையவே கிடையாது. சேவையை நீங்களே தேர்ந்தெடுங்கள். முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள், மின்னஞ்சலில் வந்த இணைப்பை அழுத்தாதீர்கள். கலிபோர்னியாவின் நிதிப் பாதுகாப்புத் துறை தளத்தில் உரிமம் இருக்கிறதா என்று தேடலாம், சில நிமிட வேலை. ஒயர் போகவேண்டிய கணக்கு ஒரு தனிநபரின் பெயரில் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் எஸ்க்ரோ வேண்டும் என்று சொல்லமாட்டேன். கார் ஒரு நாள் தூரத்தில் இருந்தால் நேரில் போய், அடியில் படுத்துப் பார்த்து, விற்பவரின் வங்கிக்கே சேர்ந்து போய் முடிப்பது மேல். தூரத்துக் காருக்கு எஸ்க்ரோ வேண்டாம் என்று விற்பவர் சொன்னால், அவருக்கும் இதில் லாபம் இருக்கிறது என்று எடுத்துச் சொல்கிறேன்: போலி கேஷியர் செக்கை (வங்கியே தன் பெயரில் தரும் காசோலை) நம்பி காரைக் கொடுத்துவிட்டு நிற்கும் விற்பவர்களும் உண்டு. இப்போது ஒரெகானில் ஒரு மெர்சிடிஸ் 240டி பேச்சில் இருக்கிறது. எஸ்க்ரோ கட்டணத்தில் பாதியைத் தர விற்பவருக்கு மனமில்லை. முழுவதையும் நானே கட்டுகிறேன், பதிலுக்குப் பரிசோதனைக் காலம் 7 வேலை நாள் என்றேன். சரி என்றிருக்கிறார். நிபந்தனைகளை இந்த வாரம் எழுதி அனுப்புகிறேன்.