கியர் கேபிளுக்கு எந்த வழி? ரோடு பைக் ஹேண்டில்பாரில் நாலு பாதைகள்

ரோடு பைக்கின் ஷிஃப்டரிலிருந்து (கியர் மாற்றும் லிவர்) கிளம்பும் கியர் கேபிள், ஃபிரேமுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஹேண்டில்பாரைக் கடந்தாக வேண்டும். அதற்கு இன்று நாலு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. லிவரின் பக்கவாட்டிலிருந்து வெளியே வந்து நேராக ஃபிரேமுக்குத் தாவுவது ஒன்று. பிடிக்காகச் சுற்றும் பார் டேப்புக்கு அடியில் ஹேண்டில்பாரின் முன்பக்கமாக ஒட்டிப் போவது இரண்டாவது. அதே டேப்புக்கு அடியில் பின்பக்கமாகப் போவது மூன்றாவது. ஹேண்டில்பாருக்குள்ளேயே நுழைந்து ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங் தொகுதி) வழியாகக் கண்ணில் படாமல் ஃபிரேமுக்குள் இறங்குவது நாலாவது. புது பைக் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இதை அழகை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஆனால் கியர் எவ்வளவு லேசாக மாறும், ஒரு கேபிளை மாற்ற அரை மணி நேரம் போதுமா அல்லது ஒரு நாள் முழுக்க வேண்டுமா என்பதெல்லாம் இந்தப் பாதையைப் பொறுத்ததுதான்.

முதலில் கேபிளுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். அவுட்டர் என்ற வெளிக்குழாய்க்குள் இன்னர் என்ற உள்கம்பி நகரும்போது ஒவ்வொரு வளைவிலும் உள்சுவரில் அழுந்தி உரசுகிறது. இந்த உரசல் கேபிளின் நீளத்தைவிட, அது மொத்தம் எத்தனை டிகிரி திரும்புகிறது என்பதைத்தான் பொறுத்தது. அதுவும் கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறும். உராய்வுக் கெழு 0.1 என்று வைத்துக்கொண்டால், ஒரு 90 டிகிரி வளைவுக்குச் சுமார் 17 சதவீதம் கூடுதலாக இழுக்க வேண்டும். மொத்தம் 360 டிகிரி திரும்பினால் அது கிட்டத்தட்ட 87 சதவீதம் ஆகிவிடும். வளைவு அகலமா குறுகலா என்பது இந்தக் கணக்கில் வராது. ஆனால் குறுகலான வளைவு வேறு விதமாகக் கெடுக்கும்: அவுட்டருக்குள் நீளவாக்கில் ஓடும் கம்பிகள் விலகிக்கொடுக்கும், இன்னரின் இழைகள் திரும்பத் திரும்ப மடங்கிச் சீக்கிரம் அறும்.

பெரிய பல்சக்கரத்துக்கு ஏற்றும்போது கேபிளை இழுப்பது நம் விரல். கொஞ்சம் உரசல் இருந்தாலும் விரல் சமாளித்துவிடும். சின்னப் பல்சக்கரத்துக்கு இறக்கும்போது லிவர் கேபிளைத் தளர்த்திவிடுகிறது, அவ்வளவுதான். அதைப் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டியது, சங்கிலியைப் பல்சக்கரம் மாற்றும் டீரெய்லரின் ஸ்பிரிங். அதனால்தான் வளைவுகள் அதிகமான பைக்கில் ஏற்றும்போது எல்லாம் சரியாக இருக்கும், இறக்கும்போது மட்டும் சங்கிலி ஒரு நொடி தயங்கி விழும். கியர் தயாரிக்கும் ஷிமானோ நிறுவனத்தின் 10 ஸ்பீட் (பின்னால் 10 பல்சக்கரம்) ரோடு ஷிஃப்டரில் ஒரு கிளிக்குக்குக் கேபிள் நகர்வது சுமார் 2.3 மில்லிமீட்டர்தான். அதில் அரை மில்லிமீட்டர் உரசலில் மாட்டிக்கொண்டால் கியர் சரியாக உட்காராது.

இனி பாதைகளுக்கு வருவோம். பக்கவாட்டு வழி ஷிமானோவின் பழைய வழி. பிரேக்கும் கியரும் ஒரே லிவரில் இருக்கும் எஸ்டிஐ 1990-இல் அதன் உச்ச ரகமான டியூரா-ஏஸின் 7400 வரிசையில் வந்தபோது, கியர் கேபிள் லிவரின் உள்பக்கமாக வெளியே வந்து, துணி காயப்போடும் கொடிபோல இரண்டு லிவர்களுக்கும் நடுவே வளைந்து நின்றது. டியூரா-ஏஸ் 7800 வரை அப்படித்தான். விலை குறைந்த வரிசைகளில் இது இன்னும் நீண்டகாலம் தொடர்ந்தது. டியாக்ரா 2015-இல் 4700 வரும் வரையும், கிளாரிஸ் 2017-இல் ஆர்2000 வரும் வரையும் இந்த முறையை விடவில்லை. பழைய கிளாரிஸ் 2400, டூர்னி ஏ070 பூட்டிய பைக்குகளை நம் ஊரில் இன்றும் பார்க்கலாம்.

இந்த வழியைப் பழையது என்று ஒதுக்குவது எனக்கு ஒப்பாது. கேபிள் ஒரே அகலமான வளைவில் ஃபிரேமுக்குப் போகிறது. ஹேண்டில்பாரின் மூலையைச் சுற்றிவரும் திருப்பம் முழுக்க மிச்சம். நல்ல அவுட்டரோடு ஷிமானோவின் பழைய 6600 அல்டெக்ரா ஷிஃப்டரை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அந்த லேசான கிளிக் மறக்காது. கேபிள் மாற்ற டேப்பைப் பிரிக்கவே வேண்டாம். டேப்பைச் சுற்றும்போதும் அடியில் மேடு பள்ளம் இருக்காது. குறை என்னவென்றால், ஹேண்டில்பாருக்கு முன்னால் பை மாட்ட முடியாது. மாட்டினால் கேபிளை அழுத்தி கியரைக் கெடுக்கும். விளக்கு வைத்தால் அதன் வெளிச்சத்துக்குக் குறுக்கே கேபிள் நிற்கும். ப்ரெவே எனப்படும் 200, 300 கிலோமீட்டர் நெடுந்தூரச் சவாரி ஓட்டுகிறவர்களுக்கு இது உண்மையான தொல்லை. மற்றவர்களுக்கு இதில் மாற்ற வேண்டிய அவசரம் எதுவும் இல்லை. பைக் நன்றாக ஓடினால் அப்படியே ஓட்டலாம்.

டேப்புக்கு அடியில் போகும் வழியை, ஷிமானோவின் போட்டி நிறுவனமான காம்பக்னோலோ 1992-இல் தன் எர்கோபவர் லிவரிலேயே கொண்டுவந்துவிட்டது. 2006-இல் ரோடு பைக் பக்கம் வந்த ஸ்ராமும் அதையே எடுத்துக்கொண்டது. ஷிமானோ 2008-இல் டியூரா-ஏஸ் 7900-இல்தான் மாறியது. மாறியதும் பலர் சொன்ன புகார், கியர் முன்பைவிடக் கனமாக இருக்கிறது என்பது. கூடுதல் திருப்பங்கள் வந்தால் அப்படித்தான் இருக்கும். 2012-இல் வந்த 9000 வரிசையில் பாலிமர் பூசிய கேபிள்களைக் கொடுத்து அந்தக் கனத்தைப் பெருமளவு குறைத்தார்கள். ஆனால் லிவருக்குள் கேபிள் குறுகலாகத் திரும்பும் இடம் பலவீனமாகவே இருந்தது. டேப்புக்கு அடியில் போகும் ஷிமானோவின் 10, 11 ஸ்பீட் ஷிஃப்டர்கள் பலவற்றில் இன்னர் அதன் தலைக்குப் பக்கத்திலேயே ஒவ்வொரு இழையாக அறும். ட்யூன் செய்த கியர் இரண்டு நாளில் மறுபடி விலகினால் டீரெய்லரைத் திருகிக்கொண்டிருக்க வேண்டாம், ஹூட்டை (லிவரின் ரப்பர் உறை) தூக்கிக் கேபிளின் தலையைப் பாருங்கள். முழுதாக அறுந்த பிறகு உள்ளே சிக்கிய இழைகளை எடுப்பது பெரிய வேலை.

அப்புறம், முன்பக்கமா பின்பக்கமா? காம்பக்னோலோ, ஸ்ராம் லிவர்கள் பலவற்றில் இதை நாமே தேர்ந்தெடுக்கலாம். பிரேக் கேபிள் எப்படியும் முன்பக்கமாகத்தான் போகும். கியரையும் அதன் பக்கத்திலேயே வைத்தால் உள்ளங்கை பதியும் பின்பக்கம் சுத்தமாக இருக்கும், ஆனால் விரல் பிடிக்கும் பக்கம் தடிக்கும். ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் வைத்தால் பிடி நீள்வட்டமாகி, பெரிய கைகளுக்கு வசதியாகத் தோன்றும். பிடிப்பு அவரவர் விருப்பம். பாதையைப் பார்த்தால் என் ஓட்டு முன்பக்கத்துக்குத்தான். ஹேண்டில்பாரின் மூலையில் முன்பக்கம் என்பது வளைவின் உள்விளிம்பு. அங்கே ஆரம் கொஞ்சம் சிறிதுதான். ஆனால் ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் துண்டு) பக்கத்தில் டேப்பிலிருந்து வெளியே வந்ததும் முன்னோக்கிச் சுற்றி இறங்க இடம் கிடைக்கும். பின்பக்கமாக வரும் கேபிளுக்கு மூலையில் வெளிவிளிம்பு கிடைக்கிறது. ஆனால் வெளியே வந்ததும் ஃபிரேமின் முன்குழாயான ஹெட்டியூபை உரசிக்கொண்டு இன்னொரு முறை சட்டென்று திரும்ப வேண்டியிருக்கிறது. சின்ன சைஸ் ஃபிரேமில், ஹெட்டியூபும் குட்டையாக இருந்தால், இந்தத் திருப்பம் மோசமாகவே இருக்கும்.

அந்தத் திருப்பத்தைத் தளர்த்த நல்ல வழி ஒன்று உண்டு. வலது ஷிஃப்டரின் கேபிளை ஹெட்டியூபைச் சுற்றி ஃபிரேமின் இடது நிறுத்தத்துக்கும் (அவுட்டர் முட்டி நிற்கும் இடம்), இடது ஷிஃப்டரின் கேபிளை வலது நிறுத்தத்துக்கும் கொண்டுபோக வேண்டும். ஃபிரேமின் கீழ்க்குழாயான டவுன்டியூபுக்கு அடியில் இரண்டு இன்னர்களும் ஒரு முறை குறுக்காகக் கடந்து தத்தம் பக்கம் போய்விடும். அந்த இடத்தில் லேசாகத் தொட்டுக்கொண்டாலும் ஒன்றுமில்லை. அவுட்டரின் வளைவு அகலமாகிறது, ஃபிரேமின் பெயின்ட்டும் தப்பிக்கிறது. எந்த வழியில் போட்டாலும் அவுட்டரை வெட்டும் முன் ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். கேபிள் விறைக்கக் கூடாது. இன்னர் போட்ட பிறகு, பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றியபடி மறுபடி திருப்பினால் கியர் தானாக மாறக் கூடாது. மாறினால் அவுட்டர் குட்டை.

டேப் வழிக்குச் சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் ஒரு பெரிய எதிரி உண்டு: வியர்வை. டேப்புக்குள் இறங்கும் உப்புநீர் அங்கேயே தேங்கி, அலுமினிய ஹேண்டில்பாரை வெள்ளைப் பொடியாக அரிக்கும். அவுட்டரின் மேலுறையில் கீறல் இருந்தால் உள்ளே உள்ள இரும்புக் கம்பியும் துருப்பிடிக்கும். பக்கவாட்டு வழியில் கேபிளின் நிலைமை கண்ணுக்குத் தெரியும், இங்கே டேப்பைப் பிரித்தால்தான் தெரியும். ஆகவே டேப் மாற்றும்போதெல்லாம் அவுட்டரையும் சோதிப்பதும், சந்தேகம் இருந்தால் மாற்றிவிடுவதும் நல்லது. டேப், ஹேண்டில்பார் இவற்றின் விலைக்கு முன்னால் 4 மில்லிமீட்டர் அவுட்டரின் விலை ஒன்றுமே இல்லை.

கடைசியாக, முழுக்க உள்ளே போகும் வழி. பார்க்க அழகு, காற்றுத்தடையும் கொஞ்சம் குறையும். மின்னணு கியர் இருந்தால் இதற்கு நானும் சம்மதம். 2021-இல் வந்த டியூரா-ஏஸ் ஆர்9200-க்குக் கேபிள் வடிவமே கிடையாது. 2022-இல் அதைவிட விலை குறைந்த 105 வரிசைக்கும் டிஐ2 என்ற ஷிமானோவின் மின்னணு கியர் வந்துவிட்டது. இவற்றின் டிஸ்க் பிரேக் வடிவங்களில் ஷிஃப்டரிலிருந்து கம்பியே கிளம்ப வேண்டியதில்லை, ஹெட்செட் வழியாகப் போவது பிரேக் ஹோஸ் (எண்ணெய்க் குழாய்) மட்டும்.

ஆனால் 2023-இல் 105 மறுபடி கேபிளோடும் வந்தது. கேபிள் கியரை இந்த வழியில் விடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். லிவரிலிருந்து ஹேண்டில்பாருக்குள் நுழைய ஒரு மடிப்பு, மூலையில் ஒன்று, ஸ்டெம்முக்குத் திரும்ப ஒன்று, ஹெட்செட்டுக்குள் இறங்க ஒன்று. பிறகு பின் டீரெய்லரில் வழக்கமான வளைவு வேறு. மேலே சொன்ன பெருக்கல் கணக்கு இங்கேதான் முழு வேகத்தில் வேலை செய்யும். பராமரிப்பு அதைவிடக் கடினம். வியர்வையும் மழையும் நேராக இறங்கும் இடம் ஹெட்செட்டின் மேல் பேரிங். எல்லாமே அதன் நடுவே போவதால், அந்த ஒரு பேரிங்கை மாற்றப் பெரும்பாலான பைக்குகளில் கியர் கேபிளை உருவ வேண்டும், ஹைட்ராலிக் ஹோஸைக் கழற்றிப் பிரேக்கை மறுபடி ப்ளீட் செய்ய (எண்ணெயில் உள்ள காற்றை வெளியேற்ற) வேண்டும். ஸ்டெம் நீளத்தை ஒரு சென்டிமீட்டர் மாற்றிப் பார்க்கவும் பல பைக்குகளில் இதே பாடுதான். கேபிள் கியரோடு இப்படி ஒரு பைக் பிடித்துப்போனால், பணம் கட்டும் முன் கடையில் இரண்டு கேள்வி கேளுங்கள்: மேல் பேரிங் மாற்றக் கூலி எவ்வளவு, அந்த வேலையை இதே ஊரில் செய்ய ஆள் இருக்கிறாரா?